ரெண்டாவது குப்பியைத் திறக்க வேண்டாம்

அந்த அம்மா எங்கள் மாடிப்படி பதினெட்டையும் ஏறி வந்து நாற்காலியில் சாய்ந்தபோது மணி பதினொன்றரை. பேச ஆரம்பிக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. அப்படி மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் பொண்ணைக் காப்பாத்திக் கொடுங்க," என்றார்.

"கடத்திட்டாங்களா?" என்றேன். எங்கள் துப்பறியும் தொழிலில் யாராவது மணி சொல்லிக் கெடு வைத்தால் அடுத்து வருவது அதுதான்.

"வாயாடி," என்றார் சீஃப்.

அது என் பெயர் இல்லை. ஆறு வருடமாக அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கீழே சலவைக் கடைக்காரர் வரைக்கும் அதுவே என் பெயராகிவிட்டது. சீஃப் ஐம்பது தாண்டிய பெண்மணி. முன்பு சுங்கத் துறையில் பெட்டி சோதித்தவர். பெட்டியைத் திறக்காமலே, பெட்டிக்காரர் முகத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். இதுவும் அவரே சொன்னதுதான், பாதி கழித்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா கைப்பையைக் கிளறினார். கண்ணாடிக் கூடு, சீப்பு, மடித்து மடித்து நைந்துபோன மருத்துவர் சீட்டு என்று எல்லாம் மேசைக்கு வந்தபிறகு கடைசியாகக் கடிதம் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன்.

விஷயம் இதுதான். மகளுக்கு இருபத்தேழு வயது. பளுதூக்கும் வீராங்கனை, நாற்பத்தொன்பது கிலோ பிரிவு. உலகப் போட்டிக்கு இன்னும் ஏழு வாரம். போன மாதம் பயிற்சிக் கூடத்துக்குத் திடீரென்று சோதனைக்காரர்கள் வந்து, அவள் சிறுநீரை இரண்டு குப்பிகளில் ஊற்றி முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். முதல் குப்பியில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. மருந்தின் பெயரைப் படிக்கையில் என் நாக்கு இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டது. இன்று மாலை ஐந்துக்குள் அவள் பதில் தர வேண்டும். ரெண்டாவது குப்பியைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். மருந்து எப்படி உடம்புக்குள் வந்தது என்று விளக்கம் தரலாம். இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். வேண்டுமென்றே எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் நான்கு வருடம் தடை.

"நாலு வருஷம் கழிச்சு அவளுக்கு முப்பத்தொண்ணு," என்றார் அம்மா. "அதுக்கப்புறம் அவளை யார் கூப்பிடுவாங்க?"

"பொண்ணு என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் சீஃப்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா மேடம். விடும்மாங்கறா. ரெண்டாவது குப்பியைத் திறக்க வேண்டாம்னுட்டா. ஒப்புக்கறேன்னு எழுதிக் கொடுக்கப் போறாளாம். ஆறு நாளா என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கறா." கண்ணாடிக் கூட்டை எடுத்து மறுபடி பைக்குள் போட்டார். "அவ இருமல் மருந்துகூடக் குடிக்க மாட்டா. தொண்டை கட்டினா வெந்நீர்தான். அவளுக்குச் சமைக்கறது நான், தண்ணி கொதிக்க வெச்சு பாட்டில்ல ஊத்தறது நான். ஏதோ ஊக்கமருந்துங்கறாங்க. யாரோ கலந்துட்டாங்க. எப்படிக் கலந்தாங்கன்னுதான் புரியல. நான் பையை விட்டு நகர்ந்ததே இல்ல."

"எந்தப் பை?"

மகளோடு தினமும் பயிற்சிக் கூடத்துக்குப் போவாராம். பையில் தண்ணீர், சாப்பாடு, சத்து மாத்திரை. மகள் பளுவைத் தூக்கும் நேரமெல்லாம் பை அம்மாவின் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் அதே கூடத்தில் இன்னொரு பெண்ணின் பாட்டிலில் யாரோ எதையோ கலந்து, அந்தப் பெண் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டாள். அன்றிலிருந்து இந்தக் காவல்.

"காலைல எட்டு மணியிலேர்ந்தா?"

"சாயங்காலம் நாலு வரைக்கும்."

"நடுவுல எழுந்திருக்கவே மாட்டீங்களா?"

"கெடுக்கறவனுக்கு ஒரு நிமிஷம் போதுமே மேடம்."

சீஃப் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். கடிதத்தை விட்டுவிட்டு மருத்துவர் சீட்டை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் மருந்துக்கடை குத்திய முத்திரைகளைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வீடு எரியும்போது வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளோடு வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும்.

"உங்க உடம்புக்கு என்னம்மா?"

"இதயம் கொஞ்சம் வீக்கு. அது கிடக்கட்டும் மேடம்."

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன், சாப்பிடறேன்," என்றார் அவசரமாக. அப்போதுதான் செருப்பிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்தார். பாதத்தில் வார் பதிந்த இடம் குழியாக இருந்தது. பாவம், ஒரு அளவு சின்னச் செருப்பை மாட்டிக்கொண்டு அலைகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க இங்கேயே உட்காருங்க. நாங்க வர்ற வரைக்கும் எங்கேயும் போகாதீங்க," என்று சீஃப் எழுந்தார்.

படியிறங்கும்போதே கேட்டார். "தப்பு செஞ்சவன் ரெண்டாவது குப்பியைப் பத்தி என்ன நினைப்பான்?"

"ஏதாவது குளறுபடியாகித் தப்பிக்க மாட்டோமான்னு பார்ப்பான்."

"செய்யாதவன்?"

"அது நம்மளைக் காப்பாத்தும்னு நம்புவான்."

"ஆக ரெண்டு பேருமே திறங்கன்னுதான் சொல்லணும். வேண்டாம்னு யாருடா சொல்லுவா?"

யோசித்தேன். "திறந்தா கேள்வி வரும், கேள்வி வந்தா யாரோ மாட்டுவாங்கன்னு பயப்படறவங்க."

"பரவாயில்லையே. உன்னை வெச்சுக்கறதுல ஒரு லாபம் இருக்கு."

"காதலன்," என்றேன். "எழுதி வெச்சுக்கோங்க சீஃப். காதலன்தான் கலந்திருக்கான். இவ அவனைக் காப்பாத்தறா."

"உனக்கு எல்லாத்துக்கும் அதுதான்," என்று காரில் ஏறினார்.

பயிற்சிக் கூடத்தில் மனிதர்களைவிட இரும்புதான் அதிகம். கோச் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கி ஒரு வாரம் ஆன கண்.

"என் பையைச் சோதிச்சாச்சு, என் வீட்டைச் சோதிச்சாச்சு. நீங்க எதைச் சோதிக்கப் போறீங்க?" என்றார்.

"எதையும் இல்ல. அந்த மருந்து என்ன செய்யும்னு மட்டும் சொல்லுங்க," என்றார் சீஃப்.

"என்னத்தைச் செய்யும்? ஊக்கமருந்து ஊக்கமருந்துன்னு ஊரெல்லாம் பேசறான். அது வெறும் நீர் மாத்திரை மேடம். போட்டா பாத்ரூமுக்கு ஓடணும், அவ்வளவுதான். எடை கூடிட்டவங்க தண்ணியை இறக்கி எடையைக் குறைக்கறதுக்காகப் போடுவாங்க. வேற மருந்து சாப்பிட்டவங்க அந்தத் தடயத்தைக் கழுவி விடறதுக்கும் போடுவாங்க. அதனாலதான் தடை."

"அவங்க எடை கூடியிருந்தாங்களா?"

கோச் ஒரு நோட்டைப் புரட்டிக் காட்டினார். சோதனை நடந்த அன்று காலை அவள் எடை நாற்பத்தெட்டு கிலோ முந்நூறு கிராம். "இன்னும் எழுநூறு கிராம் இடம் இருக்கு. இவளுக்கு எதுக்கு நீர் மாத்திரை? அதுவும் குப்பியில இருந்தது தூசி அளவு. இதைச் சொல்லி வாதாடலாம்னு கெஞ்சிப் பார்த்தேன். கேட்கல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா."

"என்னன்னு?"

"கோச், இது என்ன மருந்துன்னு எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னா. வெட்கப்படறான்னு நினைச்சேன்."

சீஃப் கூடத்தின் மூலையில் இருந்த ஒற்றை நாற்காலி பக்கம் போனார். அதுதான் அந்த அம்மா உட்காரும் இடம். சுற்றிலும் பெருக்கிக்கொண்டிருந்தார், கூடத்துக்குச் சாவி வைத்திருக்கும் பெண்மணி. எல்லோரும் அவரைச் சாவிக்காரம்மா என்றார்கள்.

"அந்த அம்மா எழுந்து நான் பார்த்ததே இல்ல," என்றார் சாவிக்காரம்மா. "இங்க பொம்பளைங்களுக்கு பாத்ரூம் நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம். போய்ட்டு வர கால் மணி ஆகும். நானே ஒரு நாளைக்கு ரெண்டு தடவை நடக்கறேன். அவங்க எப்படித்தான் இருக்காங்களோ."

"போன வாரம் அவங்க பொண்ணு இங்க எதையாவது குப்பையில போட்டாங்களா?"

இது எங்கிருந்து வந்த கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னார். வீட்டுக் குப்பையை அம்மா பார்ப்பார், அதனால் வீட்டில் ஒளிக்க வேண்டியதை வெளியேதான் போட வேண்டும். பெட்டி சோதித்தவர்களின் புத்தி இப்படியெல்லாம் போகும் போலிருக்கிறது.

சாவிக்காரம்மா முகம் மாறியது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். "நல்ல டப்பா மேடம். குப்பையில போகுதேன்னு எடுத்தேன். திருடல."

"திருடினதா யாரும் சொல்லலக்கா," என்றேன். "காட்டுங்க."

உள்ளங்கை அளவு நீலப் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே அவருடைய கொண்டை ஊசிகள் கிடந்தன. மூடியின் உள்பக்கத்தில் ஒரு பிளேடு நின்றது.

"பிளேடு இருக்கறது விரலை வெட்டிக்கிட்டப்புறம்தான் தெரிஞ்சுது," என்றார் சாவிக்காரம்மா.

"பென்சில் சீவறதா?" என்று கேட்டேன்.

"மாத்திரையைப் பாதியா வெட்டறது," என்றார் சீஃப். டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். "இதைக் கழுவினீங்களா?"

"சோப்பு போட்டு ரெண்டு தடவை. எங்க கிடந்ததோ என்னமோன்னு."

சீஃப் கண்ணை மூடித் திறந்தார். ஆறு வருடத்தில் அவர் முகம் அப்படித் தொங்கிப்போய் நான் பார்த்ததில்லை.

காரில் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "அப்ப பொண்ணுதான் மாத்திரையை வெட்டிச் சாப்பிட்டிருக்கா. எடுத்தது உண்மைதான் போலிருக்கு சீஃப்."

"யாருடைய மாத்திரையை?"

மேசைமேல் கிடந்த அந்த நைந்த சீட்டு ஞாபகம் வந்தது.

"கடிதத்துல இருக்கறது ரசாயனப் பேர். சீட்டுல இருக்கறது கம்பெனி பேர். ரெண்டும் ஒரே சரக்கு. பெட்டி பெட்டியா பிடிச்சிருக்கேன், எனக்குத் தெரியும்," என்றார் சீஃப். "தினம் ஒண்ணுன்னு டாக்டர் எழுதியிருக்கார். ஒரு தடவைக்கு முப்பது மாத்திரை வாங்கறாங்க. முத்திரைத் தேதியைப் பார்த்தேன். முப்பது மாத்திரை ஐம்பத்திரண்டு நாள் வந்திருக்கு. வாரத்துல ஆறு நாள் பயிற்சி. அந்த ஆறு நாளும் பாதிப் பாதி, லீவு நாள்ல மட்டும் முழுசு. கணக்குப் போட்டுப் பார், ஐம்பத்திரண்டு வரும். கால் வீங்கிச் செருப்பு வார் பதிஞ்சிருக்கு, அதையும் நீ பார்த்தே."

"சின்னச் செருப்புன்னு நினைச்சேன்," என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. "அப்ப கலந்தது..."

"அம்மாவோட மாத்திரையை வெட்டின டப்பாவுலயே பொண்ணோட ஏதோ ஒரு மாத்திரையையும் வெட்டியிருக்காங்க. பிளேடுல ஒட்டின தூசி. அவ்வளவுதான்."

எங்களைத் துப்பறியச் சொல்லி அனுப்பியவர் மேலேயே துப்பு போய் முடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

மகள் கதவைத் திறந்தபோது மணி இரண்டே முக்கால். குள்ளமான பெண், கதவை அடைக்கிற தோள். சமையலறை மேசைமேல் படிவம் இருந்தது. கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது. எடையைக் குறைக்க நானே எடுத்தேன் என்று எழுதியிருந்தாள்.

சீஃப் அந்தப் படிவத்தின் பக்கத்தில் டப்பாவை வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டார் சீஃப்.

"கடிதம் வந்த அன்னிக்கே. பேரைத் தேடிப் பார்த்தேன். அம்மா மாத்திரைதான் அது." அவள் குரல் மெதுவாக வந்தது. "என் கால்சியம் மாத்திரை பெருசு. தொண்டையில நிக்கும். அம்மாதான் இதுல வெச்சு ரெண்டா வெட்டித் தருவாங்க. தினமும்."

"இதைச் சொன்னாலே போதும். தடை குறையும், ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்."

"சொல்ல மாட்டேன்."

"இருபத்தேழு வயசு. முடிஞ்சுபோயிடும்மா எல்லாம்."

"முடியட்டும்." அவள் நிமிர்ந்தாள். "அவங்களுக்கு இதயம் பாதிதான் வேலை செய்யுது. அதிர்ச்சி எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆறு வருஷமா ஒருத்தர் கை என் பாட்டில்ல படாம பார்த்துக்கிட்டாங்க. கடைசில அவங்க கைதான்னு தெரிஞ்சா என்ன ஆவாங்க? சொல்லுங்க மேடம், என்ன ஆவாங்க? எனக்குப் பதக்கம் வேணாம். அம்மா வேணும்."

இந்த மாதிரி இடத்தில் நான் ஏதாவது சொல்லிச் சூழ்நிலையைக் கொஞ்சம் இலகுவாக்குவது வழக்கம். அன்று அந்தப் படிவத்தின் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தேன்.

"கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடுங்க," என்றாள். "கையெடுத்துக் கும்பிடறேன். ரெண்டு மணி நேரம்தான். அஞ்சு அடிச்சா எல்லாம் முடிஞ்சுடும். அப்புறம் யாரும் எதையும் தோண்ட மாட்டாங்க."

சீஃப் டப்பாவை மறுபடி கையில் எடுத்தார். "அவங்க ஏன் பாதி மாத்திரை போடறாங்கன்னு தெரியுமா?"

"பாதியா?" அவள் முகம் சுருங்கியது. "டாக்டர் பாதிதான் சொல்லியிருக்கார்னு சொன்னாங்க."

"இல்ல. முழுசுதான். உங்கம்மா இப்பவே பாதி உயிரோடதான் உட்கார்ந்திருக்காங்க. நீங்க இதைக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தப்புறமும் பாதி மாத்திரைதான் போடுவாங்க, ஏன்னா அது தப்புன்னு யாரும் சொல்லல." சீஃப் எழுந்தார். "என்னை வேலைக்கு வெச்சது நீங்க இல்ல, அவங்க. நான் போய் என்ன பார்த்தேனோ அதைச் சொல்லப் போறேன். கூட வர்றீங்களா?"

கொடூரம் என்று எனக்குத் தோன்றியது. சீஃப் மேல் எனக்கு அன்று வந்த கோபம் அதற்கு முன்னால் வந்ததில்லை. மகள் படிவத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினாள். வழியெல்லாம் நெரிசல். மணி நான்கு அடிக்கும்போது எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அந்த அம்மா அதே நாற்காலியில், அதே கோணத்தில் இருந்தார். நான் வைத்துவிட்டுப் போன தண்ணீர் தொடப்படாமல் இருந்தது. மகளைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"உட்காருங்க," என்றார் சீஃப். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்கும்படி உட்கார்ந்தார். "ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். டாக்டர் முழு மாத்திரை எழுதியிருக்கார். நீங்க ஏன் பாதி போடறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். "தம்பி இருக்காரே," என்று இழுத்தார்.

"அவன் கணக்கு இல்ல. சொல்லுங்க."

"அந்த வெள்ளை மாத்திரை முழுசாப் போட்டா அரைமணிக்கு ஒரு தடவை ஓடணும் மேடம். பாத்ரூம் எங்கேயோ இருக்கு. நான் போயிட்டா பையை யார் பார்ப்பா? இவ பாட்டுக்கு மேடையில நிப்பா. பாதி போட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். தண்ணியும் குடிக்க மாட்டேன். லீவு நாள்ல முழுசாப் போட்டுக்குவேன். கால் கொஞ்சம் வீங்கும், அதென்ன பெரிய..."

மகள் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். இது அவளுக்குத் தெரியாது. பையைக் காப்பதற்காகத்தான் அந்த மாத்திரை வெட்டப்பட்டது என்று அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தார். சீஃப் டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இது எங்க வீட்டு டப்பா," என்றார் அம்மா. "ஒரு வாரமாக் காணோம். புதுசு வாங்கணும்னு..." விரல் மூடியைத் திறந்தது, பிளேடைத் தொட்டது. "இதுலதானே உன் கால்சியத்தையும் வெட்டுவேன்."

டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், அவங்க சொல்ற மருந்து என் மாத்திரையா?"

"ஆமாம்மா," என்றார் சீஃப்.

"இல்லம்மா," மகள் பாய்ந்து வந்து தரையில் மண்டியிட்டாள். "அதெல்லாம் இல்ல. நான்தான் எடுத்தேன். எடை கூடிடுச்சு, நானே கடையில வாங்கி..."

"வாயை மூடு."

அம்மாவின் கை நெஞ்சில் இருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. நான் தொலைபேசியை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடினேன். மகள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் செத்துடுவேன்னு பார்த்தியாடி?" என்றார் அம்மா மெல்ல. "ஆறு நாளா நீ என் மூஞ்சியைப் பார்த்துப் பேசல. அதுலதான் செத்துக்கிட்டு இருந்தேன். நீ நிஜமாவே எடுத்துட்டியோன்னு நேத்து ராத்திரி ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன். பெத்தவ நினைச்சுட்டேன். அதுக்கு இது எவ்வளவோ மேல்."

பிறகு மகள் கையிலிருந்த படிவத்தை வாங்கி, படித்துப் பார்க்காமல் நான்காகக் கிழித்தார்.

"இப்ப என்ன செய்யணும் மேடம்?"

"டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவிட்டாங்க. அதுல இனிமே எதுவும் கிடைக்காது. இந்தச் சீட்டும் உங்க வாயும்தான் சாட்சி. நீங்க எழுதிக் கொடுத்து, நேர்ல வந்து அதிகாரி முன்னால கையெழுத்துப் போடணும்."

"எழுதுங்க தம்பி," என்றார் என்னிடம்.

எழுதினேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை. பாத்ரூம் விஷயத்தைக் கொஞ்சம் மரியாதையாகப் போடவா என்று கேட்டேன். "எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க," என்றார். முடிக்கும்போது நான்கு முப்பத்தைந்து. ரெண்டாவது குப்பியையும் திறந்து பார்க்கச் சொல்லி மகள் கீழே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வாசலில் பழுது என்று ஒரு அட்டை தொங்கியது. மணி நான்கு ஐம்பது. அந்த அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டார்.

"அதிகாரியைக் கீழே வரச் சொல்றேன்," என்று நான் ஓடப் பார்த்தேன்.

"நேரம் இல்ல," என்றாள் மகள். முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "ஏறும்மா."

"நான் அறுபது கிலோடி."

"தெரியும். பேசாத, எனக்கு மூச்சு பிடிக்கணும்."

அம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டார். அவள் ஒரே மூச்சில் எழுந்தாள். முதல் மாடி வரைக்கும் நான் பின்னால் ஓடினேன். இரண்டாவது மாடியில் எனக்கு நாக்குத் தள்ளியது. அவள் நிற்கவே இல்லை. ஒவ்வொரு படிக்கும் அம்மாவின் வீங்கிய கால் இரண்டும் என் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டே போயின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

அதிகாரி ஒல்லியான மனிதர். மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நுழைந்த கோலத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். வாக்குமூலத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். சீட்டைத் திருப்பி முத்திரைத் தேதிகளைப் படித்தார். ஒரு இடத்தில் நின்று, அந்த அம்மாவின் பாதத்தை எட்டிப் பார்த்துவிட்டு மேலே படித்தார்.

"எடுத்துக்கறேன்," என்றார். "குழு உட்கார்ந்து முடிவு பண்ணும். பத்து நாள் ஆகும். இது உண்மைன்னு அவங்க ஏத்துக்கிட்டா இவங்க போட்டிக்குப் போக வாய்ப்பு இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன்மா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கணும்."

"சொல்லுங்க."

"நீங்க இவங்களோட உதவியாளரா எங்ககிட்ட பதிவாகியிருக்கீங்க. தடை பண்ணின மருந்து உங்க கையால போயிருக்கு. தெரியாமத்தான் போயிருக்கு, நம்பறேன். ஆனா விதி விதிதான். இதுல கையெழுத்துப் போட்டா உங்க அனுமதியை ரத்து பண்ணிடுவாங்க. பயிற்சிக் கூடத்துக்குள்ள நீங்க இனிமே வர முடியாது. போட்டிக்கும் கூடப் போக முடியாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"இவங்க விளையாடற வரைக்கும்."

"அம்மா, வேண்டாம்," என்றாள் மகள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு. "போட வேண்டாம்மா. நீ இல்லாம எனக்கு அங்க என்ன இருக்கு?"

சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஐம்பத்தேழு. அந்த அம்மா சீஃபைப் பார்த்தார். சீஃப் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அது அவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இல்லை.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார் அம்மா.

அதிகாரி இடத்தைக் காட்டினார். அம்மா பேனாவை வாங்கினார். அழுத்திப் போட்டார். பேனாவை மூடி அதிகாரி பக்கம் தள்ளினார்.

"தீர்ப்பு வந்த மறுநாள் காலைல எட்டு மணிக்கு நீ அங்க நிக்கணும்," என்றார் மகளிடம். "தனியாப் போ."